கியர்ப்பெட்டிக்கு ஏற்ற வடிகட்டி



மோட்டார் வண்டியிலே வடிகட்டிகள் பல உண்டு. காற்றுக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று, எஞ்சின் எண்ணெய்க்கு ஒன்று. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளில் இன்னும் ஒன்று கியர்ப்பெட்டியின் அடியில், எண்ணெய்த் தட்டுக்குள்ளே மறைந்து கிடக்கும். அதை மாற்றும் காலம் வந்தால் புதியதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு. "இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா? வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருகிறார்" என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறு வாங்குவதில்தான் இடர் இருக்கிறது என்பது என் கருத்து.

கையால் கியர் மாற்றும் பெட்டியில் எண்ணெய்க்கு உள்ள தலையாய பணி பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. தானியங்கிப் பெட்டியிலோ வேலையாளே எண்ணெய்தான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தம் 'ஹைட்ராமாட்டிக்' பெட்டியை 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அளித்தனர். அக்காலந்தொட்டு நிலவிவரும் அடிப்படை ஒன்று உண்டு. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அவ்வழுத்தமே உள்ளிருக்கும் கிளச்சுத் தகடுகளை இறுகப் பிடிக்கிறது. அழுத்தம் குன்றினால் பிடி தளரும், தகடுகள் வழுக்கும், வழுக்கிய தகடு சூடேறிக் கருகும்.

இனி ஒரு வேறுபாட்டைக் கருதுங்கள். எஞ்சினில் நாம் அடிக்கடி மாற்றும் எண்ணெய் வடிகட்டி, பம்பு எண்ணெயைத் தள்ளும் பக்கத்தில் அமைந்தது. நாம் பேசும் இவ்வடிகட்டியோ பம்பு உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது. பப்பாளி இலைக் காம்பினால் நீரை உறிஞ்சி விளையாடாத சிறுவர் நம் ஊர்களில் குறைவு. காம்பின் நுனி நீரைவிட்டு மேலே எழுந்தாலும், நடுவிலே ஒரு கீறல் விழுந்தாலும் வாய்க்கு வருவது என்ன? காற்றுத்தானே! பம்பின் நிலையும் அதுவே. காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்தால் அழுத்தம் நிலைகொள்ளாது. ஆகையால் இங்கே அளவு பிசகிய வடிகட்டி அழுக்கைத் தடுக்கத் தவறுவதோடு நில்லாது, பெட்டியையே அழித்துவிடும்.

என் மேசைமேல் இப்பொழுது இரண்டு வடிகட்டிகள் இருக்கின்றன. வானொலியில் நீங்கள் அவற்றைக் காண இயலாது, சொல்லால் காட்டுகிறேன். இரண்டும் அகன்று தட்டையானவை. இரண்டுக்கும் மேலே ஒரு குட்டைக் கழுத்து. தனித்தனியே பார்த்தால் ஒன்றென்றே சொல்வீர்கள். அருகருகே நிறுத்தினால் உயரம் வேறுபடுகிறது. அவ்வேறுபாடு ஓர் அங்குலத்திற்கும் குறைவு. இவை 1993ஆம் ஆண்டு முதல் வந்த '4எல்60-ஈ' என்னும் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிக்கு உரியவை. ஒரே பெட்டிதான், ஆனால் அதன் எண்ணெய்த் தட்டு ஆழம் குறைந்தும் வந்தது, ஆழம் மிகுந்தும் வந்தது. ஆழமான தட்டில் குட்டை வடிகட்டியைப் பொருத்தினால் எல்லாம் செவ்வையாக அமைந்ததுபோலவே தோன்றும். வண்டியும் ஓடும். திடீரென்று பிரேக் போடும்போதோ வளைவில் திரும்பும்போதோ எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, உறிஞ்சும் வாய் காற்றிலே நிற்கும். மாறாக, உயரமான வடிகட்டியை ஆழமற்ற தட்டில் வைத்தால் தட்டு விளிம்பில் படியாது. வலிந்து முடுக்கினால் வடிகட்டி நசுங்கும். இரண்டில் பின்னதே நல்லது என்பேன். பிழையை அப்பொழுதே காட்டிக்கொடுத்துவிடுகிறது அல்லவா?

வண்டியின் பெயர் ஏன் போதாது என்பதற்கும் ஒரு சான்று. 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் காரில், எஞ்சினுக்கு ஏற்ப 'டர்போ ஹைட்ராமாட்டிக் 350' என்ற பெட்டியும் இருக்கலாம். '400' என்ற பெட்டியும் இருக்கலாம். சரி, தட்டின் திருகாணிகளை எண்ணிப் பார்ப்போம் என்றால், இரண்டிலும் 13. வடிவத்தைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 350இன் தட்டு ஏறக்குறையச் சதுரம், ஒரு மூலை மட்டும் வெட்டுண்டது. 400இன் தட்டு ஒழுங்கற்ற கோணல் வடிவம். முன்னதன் வடிகட்டி திருகாணியால் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பின்னதற்குக் குழாயும் ரப்பர் வளையமும் உண்டு. எனவே பெட்டியின் குறியீடு, தட்டின் உருவம், அதன் ஆழம் ஆகியவற்றை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். பழைய வடிகட்டியையும் உடன் கொண்டுபோவது நலம். ஆனால் முன்பு மாற்றியவர் தவறானதைப் பொருத்தியிருக்கவும் கூடும். ஆதலின் அதனை மட்டும் சாட்சியாகக் கொள்ளற்க.

கழுத்தைச் சூழ்ந்த வளையத்தையும் மறத்தலாகாது. பழைய வடிகட்டியை இழுக்கும்போது வளையம் பல நேரங்களில் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் புதியதை அழுத்தினால் இரண்டும் சரியாகப் படியா. முன்னே சொன்ன காம்பின் கீறல் இங்கே தோன்றிவிடும்.

தட்டைக் கழற்றியதும் அதன் அடியில் ஒரு காந்தம் தென்படலாம். அதன்மேல் மை போன்ற மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானமே. துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள். உலோகச் செதில்களும் துணுக்குகளும் ஒட்டியிருந்தால், எத்துணைப் பொருத்தமான வடிகட்டியை வாங்கி வந்திருந்தாலும் அதைப் பூட்டிப் பயனில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.