குன்றேறும் சைக்கிள் பாதைகள்

(ஊர்ப்பணியாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

இங்கிலாந்து என்றவுடன் ஆலைகளும் நெருக்கமான நகரங்களும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆனால் குன்றுகளும் புல்வெளிகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த நாட்டுப்புறமும் அந்நாட்டில் பரந்து கிடக்கிறது. தடித்த டயர்கள் பூட்டிய மலைச் சைக்கிள்களில் அக்குன்றுகளின்மீது ஏறியும் இறங்கியும் செல்வதை அங்குள்ள பலர் பெரிதும் விரும்புகின்றனர். அவர்கள் செல்லும் பாதைகளைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற எண்ணுகிறோம். அப்பாதைகள் எவ்வாறு உண்டாயின, அவற்றைக் காப்பவர் யாவர் என்னும் இரண்டும் ஊர்ப்பணியில் ஈடுபட்டோர் அறிந்துகொள்ள வேண்டியவை.

முதலில் தென்பகுதிக்குச் செல்வோம். வின்செஸ்டர் நகருக்கு அருகிலிருந்து கடற்கரையிலுள்ள ஈஸ்ட்போர்ன் வரை சௌத் டவுன்ஸ் என்னும் சுண்ணாம்புக் குன்றுத் தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் முகட்டை ஒட்டிச் செல்லும் சௌத் டவுன்ஸ் வே என்னும் பாதையின் நீளம் 160 கிலோமீட்டர். அது 1972-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டுப் பின்னர் வின்செஸ்டர் வரை நீட்டப்பெற்றது. நடப்போர், குதிரையேறிச் செல்வோர், சைக்கிளில் செல்வோர் ஆகிய முத்திறத்தாரும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இதன் வழியே செல்லலாம்.

இக்குன்றுகள் மிக உயர்ந்தவையல்ல. பட்சர் குன்றின் உயரம் 270 மீட்டர். டிச்லிங் பீக்கன் 248 மீட்டர். ஆயினும் மியான், ஆரன், அடூர், ஊஸ், கக்மியர் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகள் இடையிடையே குறுக்கிடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி மறுபடியும் ஏறியாக வேண்டும். முழுப் பயணத்திலும் ஏறும் ஏற்றங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆகும்! மழை பெய்துவிட்டால் வெண்சுண்ணத் தரை சோப்பைப் போல் வழுக்கும். அதில் பதிந்துள்ள சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கிழிக்கும். ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தை அடைந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. கடலை நோக்கிய வெண்பாறைகளின் விளிம்பில் செல்வது நடப்போர்க்கு மட்டும் உரியது. குதிரையும் சைக்கிளும் ஜெவிங்டன் ஊர் வழியாக உட்புறப் பாதையில் செல்லவேண்டும்.

இனி வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் குன்றுப் பகுதியைக் காண்போம். அங்கு ஈடேல் பள்ளத்தாக்கிலிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்னும் கடுமையான ஏற்றத்தின் வழியாக ஹேஃபீல்டு என்னும் ஊரை நோக்கி ஒரு பழம்பாதை செல்கிறது. ரயிலும் மோட்டாரும் வருவதற்கு முன்னர், பொதிக்குதிரைகள் வரிசை வரிசையாகச் சரக்குச் சுமந்து சென்ற பாதை அது. இப்பகுதியில் இன்று சைக்கிள்கள் ஏறும் பாதைகளுள் பல, இவ்வாறு பண்டைய வணிகரும் பொதிகாரரும் தங்கள் பிழைப்புக்காக ஏற்படுத்தியவையே. அருகிலுள்ள மாம் டார் குன்றின் சரிவில், ஓயாத மண்சரிவினால் 1979-இல் மோட்டார்களுக்கு மூடப்பட்ட சாலையொன்று வெடித்தும் மடிந்தும் கிடக்கிறது. மோட்டார் கைவிட்ட அச்சாலையும் இன்று நடப்போர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்கும் பயன்படுகிறது.

இப்பாதைகளில் செல்லும் உரிமை மக்களுக்கு எளிதில் கிட்டியதன்று. பீக் டிஸ்ட்ரிக்டின் மேட்டு நிலங்களை நிலவுடைமையாளர் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தனர். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், மான்செஸ்டர் முதலிய ஆலை நகரங்களின் தொழிலாளர் ஹேஃபீல்டில் கூடித் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். தலைமை தாங்கிய பென்னி ராத்மன் என்னும் இளைஞர், போலீசார் காத்திருந்த ரயில் நிலையத்தைத் தவிர்த்துச் சைக்கிளிலேயே அங்கு வந்து சேர்ந்தார் என்பது நம் பொருளுக்குப் பொருத்தமான செய்தி. 1949-இல் தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறப் பாதைகளையும் பற்றிய சட்டம் நிறைவேறியது. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று.

அன்பர்களே, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பொதுப் பாதைகள் அனைத்தையும் அளந்து படத்தில் குறிக்க வேண்டுமென்று 1949-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட மன்றங்களுக்கு ஆணையிட்டது. அவை சிற்றூர் மன்றங்களைக் கலந்துகொண்டன. ஊரார் தங்கள் பாதைகளை நடந்து பார்த்து, இது நடைவழி, இது குதிரைவழி என்று எழுதித் தந்தனர். எழுதியதே உரிமைக்குச் சான்றாயிற்று. சில ஊரார் பழைய வரலாற்றை விசாரித்துக் குதிரைவழி என்று சரியாக எழுதினர். வேறு சிலர் கண்ணில் பட்டபடி நடைவழி என்று எழுதிவிட்டனர். ஆகவே ஒரே பாதை ஓர் ஊரின் எல்லைவரை குதிரைவழியாகவும், எல்லை தாண்டியதும் வெறும் நடைவழியாகவும் படத்தில் இன்றும் காணப்படுகிறது. நடைவழியில் சைக்கிள் செல்ல உரிமையில்லை. குன்றேறி வந்தவர் ஊர் எல்லையில் நின்று திரும்ப வேண்டியதுதான்! அக்காலத்து ஏட்டில் நேர்ந்த பிழையைத் திருத்தப் பழைய ஆவணங்களைத் தேடிக் காட்டி நெடுநாள் போராட வேண்டியிருக்கிறது.

குதிரைவழிகளில் சைக்கிள் செல்லும் உரிமையை வழங்கியது 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். அதனுடன் ஒரு கடமையும் விதிக்கப்பட்டது. சைக்கிளில் வருபவர் நடப்போர்க்கும் குதிரையேறி வருவோர்க்கும் வழிவிட வேண்டும். விரைந்து செல்பவர் மெல்லச் செல்பவர்க்குப் பணிந்து நடத்தல் என்னும் இம்முறை, ஒரே பாதையை மூவர்க்கும் பொதுவாக்கியது. தூரத்திலேயே மணியடித்தல், குதிரை மிரளாவண்ணம் குரல் கொடுத்து வேகத்தைக் குறைத்தல், வேலிக் கதவு இருந்த நிலையிலேயே அதனை விட்டுச் செல்லுதல் முதலியன அங்கு நல்லொழுக்கமாகப் போற்றப்படுகின்றன. ஈரமான சரிவில் பிரேக்கை இறுக்கிச் சறுக்கினால் தடம் பள்ளமாகும். பள்ளத்தில் மழைநீர் ஓடும். நாளடைவில் பாதையே ஓடையாகிவிடும். இதை அறிந்தவர் கனமழைக்குப் பின் அத்தகைய வழிகளைத் தவிர்க்கின்றனர்.

உழவருக்கும் கடமைகள் உண்டு. வயலின் நடுவே செல்லும் குதிரைவழியை விதைப்புக்காக உழுதால், 14 நாட்களுக்குள் மீண்டும் சமன்செய்து குறைந்தது 2 மீட்டர் அகலம் விடவேண்டும். வயலோரமாகச் செல்லும் பாதையை உழுதல் கூடாது. வேலிக் கதவுகளைப் பழுதுபார்ப்பது நிலத்துக்கு உரியவரின் பொறுப்பு. செலவில் கால்பங்கையேனும் பாதைகளுக்குப் பொறுப்பான மன்றம் தரவேண்டும். பாதையை ஒருவர் முறைகேடாக அடைத்தால், சிற்றூர் மன்றம் முறையிட்டவுடன் அம்மன்றம் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டுள்ளது.

இப்பாதைகளால் ஊருக்கு என்ன பயன் என்பதை 2001-ஆம் ஆண்டு தெளிவாக்கிற்று. அவ்வாண்டு பரவிய கோமாரி நோயினால் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் பரவாமலிருக்க நாட்டுப்புறப் பாதைகள் மூடப்பட்டன. கால்நடை வைத்திருந்தோரேயன்றி, ஒரு மாடுகூட இல்லாத சிற்றுண்டிச் சாலைக்காரரும் விடுதிக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் வருவாயிழந்து தவித்தனர். தனியார் துறைக்கு நேர்ந்த இழப்பு 500 கோடி பவுனுக்கு மேற்பட்டதென்று கணக்கிடப்பட்டது. பாதையில் வருவோரும் ஊரின் பிழைப்பில் ஒரு பங்கு என்பதை அப்போது அனைவரும் உணர்ந்தனர்.

இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே சைக்கிளுக்குத் திறந்துள்ளது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களில் உலவும் உரிமையைப் பொதுமக்களுக்கு அளித்தபோதும், அதைக் காலால் நடப்போர்க்கே அளித்தது. மேலும் பாதைகள் திறக்கப்பட வேண்டுமென்று சைக்கிள் சங்கத்தார் கேட்கின்றனர். நிலமும் கால்நடையும் உடையவர் அஞ்சுகின்றனர். இவ்வழக்கு விரைவில் தீரக்கூடியதன்று. ஒவ்வொரு சரிவிலும் வழிவிட்டு நடப்பவரே அந்த அச்சத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வல்லவர்.

பாதை, குளம், மேய்ச்சல் நிலம் முதலியவை ஊர்ப் பொதுச் சொத்துகள். அவற்றின் பெயரையும் எல்லையையும் உரிமையையும் முதியோரைக் கேட்டும் நேரில் நடந்து பார்த்தும் ஏட்டில் பிழையற எழுதி வைத்தல் வேண்டும். ஒருநாள் செய்த கவனக்குறைவு பேரப்பிள்ளைகளின் வழியை அடைத்துவிடும் என்பதற்கு ஆங்கிலக் குன்றுகளில் ஊர் எல்லையோடு நின்றுபோன அப்பாதைகளே சான்று. எழுதியதைக் காப்பதும், ஆண்டுதோறும் செப்பனிடுவதும், பயன்படுத்துவோர் ஒருவர்க்கொருவர் இடந்தருவதும் சேர்ந்தால்தான் பொதுப் பாதை நிலைத்து நிற்கும் என்று கூறி, இவ்வளவில் அமைகிறோம்.