வட்டப் பாவாடையும் வீட்டுத் தையலும்

பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் பாவாடையைக் கண்டு, அதன் வடிவையும் வீழ்ச்சியையும் கைக்கெட்டும் விலைத் துணியில் வீட்டுத் தையல் இயந்திரத்தைக் கொண்டு உருவாக்கிக்கொள்ளும் பழக்கம், பணமில்லாதவர்கள் தேடிக்கொண்ட மாற்றுவழி என்றே நெடுங்காலமாக மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது. இந்த மதிப்பீடு அக்கலைக்கு நியாயம் செய்வதாக இல்லை. ஒரு பாவாடையைப் பார்த்துத் தைக்க முற்படுபவர் அதன் அழகு எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் கண்டறிய வேண்டியிருக்கிறது. வெட்டிலிருந்தா, துணியின் கனத்திலிருந்தா, உள்ளே மறைந்திருக்கும் லைனிங்கிலிருந்தா, மேலே ஏறிய பூவேலையிலிருந்தா என்று பிரித்துப் பார்த்து, இவற்றுள் எது இல்லாவிட்டால் அப்பாவாடை அப்பாவாடையாக இராது என்பதையும், எது விலையை மட்டும் ஏற்றுகிறது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். ஆகவே வீட்டுத் தையல் என்பது நகலெடுப்பதற்கு முன்னால் ஒரு வகை வாசிப்பு. அந்த வாசிப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த வட்டப் பாவாடையைப் போலத் தெளிவான சான்று வேறில்லை.

1947 பிப்ரவரி 12ஆம் நாள் பாரிஸ் நகரின் அவென்யூ மோந்தேன் சாலையில், 30ஆம் எண் கட்டடத்தில், கிறிஸ்டியன் டியோர் தமது முதல் உடைத் தொகுப்பை வெளியிட்டார். தொகுப்பின் ஒரு பகுதிக்கு அவர் இட்ட பெயர் ‘கொரோல்’, அதாவது மலரின் அல்லிவட்டம். இறுக்கிய இடையிலிருந்து பாவாடை இதழ்போல விரிந்து கணுக்காலை நோக்கி இறங்கியதால் அப்பெயர் பொருந்திற்று. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அதை ‘நியூ லுக்’, புதுத் தோற்றம், என்று குறிப்பிட, அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது. அத்தொகுப்பின் ‘ஷெரி’ என்னும் உடையில் துணியின் முழு அகலமும் கரைமுதல் கரைவரை அப்படியே பயன்படுத்தப்பட்டு, இடுப்பில் நெருங்கிய கொசுவங்களாக மடித்துச் சேர்க்கப்பட்டிருந்தது. இடுப்பெலும்பின் மேல் அமையும் பஞ்சு அடைப்பு, உள்ளே பெர்கேல் என்னும் நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது டஃபட்டா என்னும் விறைப்பான பட்டு லைனிங், கையாலேயே முடிக்கப்பட்ட ஓரம் ஆகிய யாவும் சேர்ந்துதான் அந்த விரிவைத் தாங்கி நிறுத்தின. ‘ஓட் கூத்யூர்’ எனப்படும் தனியாள் அளவுக்கென்றே தைக்கும் பாரிஸ் மரபில் இத்தகைய உடை ஒன்றுக்குச் செலவாகும் துணியையும் வேலைநேரத்தையும் கணக்கிட்டால், சாதாரண வருமானமுள்ள பெண்ணுக்கு அது கண்ணால் காணக்கூடிய பொருளே தவிர வாங்கக்கூடிய பொருளன்று. டியோருக்கு முதலீடு தந்தவர் மார்செல் பூசாக் என்னும் பருத்தித் துணி முதலாளி என்பதையும், துணியை வாரியிறைக்கும் நாகரிகம் அவருக்கு உகந்ததாகவே இருந்திருக்கும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அப்பாவாடை வெளிவந்தபோது பிரிட்டனில் துணிப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 1941 ஜூன் முதல் நாள் தொடங்கிய அப்பங்கீட்டில் முதலாண்டு ஆளுக்கு 66 கூப்பன்கள் தரப்பட்டன. கம்பளி உடை ஒன்றுக்கு மட்டும் 11 கூப்பன்கள் போய்விடும். பங்கீடு முற்றிலும் நீங்கியது 1949 மார்ச்சில்தான். வர்த்தகத் துறைக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ், 1942இல் இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ், நீண்ட பாவாடை வீண்செலவு என்று எதிர்த்தார். ஆயினும் பிரிட்டானியப் பெண்கள் பழைய பாவாடையின் நடுவில் வேறு நிறப் பட்டியை இணைத்து நீளம் கூட்டினார்கள். போர்க்காலத்தில் சன்னல்களை மூடப் பயன்பட்ட, கூப்பன் தேவைப்படாத கறுப்புத் திரைத்துணியையும் தைத்து உடுத்தினார்கள். பாரிஸின் பஞ்சடைப்பும் பட்டு லைனிங்கும் அவர்களிடம் இல்லை. ஆனால் ஒடுங்கிய இடை, கீழே நீண்டு அகலும் சுற்று என்னும் இரண்டையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த வடிவின் உயிர் அவ்விரண்டிலும்தான் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டது சரியான தீர்ப்பு.

இத்தகைய வீட்டுத் தையலுக்கு வழி திறந்தது காகித மாதிரி. உடையின் ஒவ்வொரு பகுதியையும் மெல்லிய தாளில் அளவாக வெட்டித் தருவதே காகித மாதிரி. துணியின்மேல் அதைக் குண்டூசியால் குத்தி, சுற்றி வெட்டினால் போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல் ஒரே உடைக்குப் பல அளவுகளில் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். 1949இல் வோக் நிறுவனம் பாரிஸ் வடிவமைப்பாளர்களிடம் முறையாக உரிமை பெற்று, அவர்களுடைய உடைகளின் மாதிரிகளையே வீட்டுத் தையலாளர்களுக்கு விற்றது. தைத்து முடித்த உடையின் உள்ளே இணைப்பதற்கென ஒரு பெயர்ப்பட்டியும் அம்மாதிரியுடன் வந்தது.

ஆனால் காகித மாதிரிகூடத் தேவைப்படாத ஒரு வழி 1947 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தது. ஜூலி லின் சார்லட் என்னும் பாடகிக்குக் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றுக்கு உடை வேண்டியிருந்தது. வாங்கப் பணமில்லை, தைக்கவும் தெரியாது. தையலே வேண்டாத பாவாடை எதுவென்று யோசித்த அவர், தாயாரின் தொழிற்கூடத்திலிருந்து கிடைத்த ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, நடுவில் இடுப்புக்கு ஒரு துளையிட்டு, மேலே கிறிஸ்துமஸ் மரங்களை ஒட்டுவேலையாகப் பொருத்தினார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்யப்படாமல், கம்பளி இழைகளை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்திப் பிணைத்த துணி; பாவு நூலும் ஊடை நூலும் இல்லாததால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்து அடிக்கவும் வேண்டியதில்லை. அதுவும் 72 அங்குல அகலத்தில் கிடைத்ததால் முழு வட்டத்தை இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக எடுக்க முடிந்தது. பெவர்லி ஹில்ஸ் கடை ஒன்றில் அப்பாவாடைகள் விரைவாக விற்றன. பண்டிகை முடிந்ததும் வேறு உருவம் வேண்டும் என்று கேட்கப்பட, முதலில் குட்டைக்கால் நாய்களும் பிறகு பூடில் என்னும் சுருள்முடி நாயும் பாவாடையில் ஏறின. ‘பூடில் பாவாடை’ என்று 1950களின் அமெரிக்க இளம்பெண்களுக்கு அடையாளமாகிப்போன உடை இதுவே. வடிவமைப்பாளர் உடையாகக் கடையில் விற்ற அதையே அப்பெண்களின் அன்னையர் வீடுகளில் மிக எளிதாக வெட்டித் தந்தார்கள் என்பதில் வியப்பில்லை. பிறந்தபோதே அது வீட்டுத் தையலாகத்தான் பிறந்தது.

தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் ‘அம்பர்லா கட்டிங்’ என்று வழங்குவதும் இந்த வட்ட வெட்டே. அதன் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குத்தான், எனினும் அதில் நேரும் சிறு பிழை பெரிதாகும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். இடுப்புச் சுற்றளவை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இடுப்பு 26 அங்குலம் என்றால் ஆரம் 4.14 அங்குலம், பாவாடை நீளம் 30 அங்குலம் வேண்டுமென்றால் வெளிவட்டத்தின் ஆரம் 34.14 அங்குலம், கீழ்ச்சுற்று ஏறக்குறைய 214 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 6 கெஜம். உள்ளாரத்தை அரை அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டால் இடுப்பு 3 அங்குலத்துக்கும் மேலாகப் பெருத்துவிடும், வெட்டிய துணியை மீண்டும் சேர்க்கவும் வழியில்லை. எனவே தேர்ந்த கைகள் உள்வட்டத்தைக் கால் அங்குலம் குறைவாகவே வெட்டி, வெட்டியவுடன் அதன் விளிம்பை ஒட்டி ஒரு வரிசை தையல் போட்டுவிடுகின்றன. அந்தத் தையல் இல்லாவிட்டால், பட்டி வைப்பதற்குள் கைபட்ட இடமெல்லாம் இழுபட்டு இடுப்பு தானே அகன்றுவிடும்.

நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் இவ்வட்டம் ஒரே துண்டாக அடங்காது. ஆகவே இரண்டு அரைவட்டங்களாக வெட்டி, இரு பக்கமும் இணைக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் துணி செல்லும். ஓரத்தில் மிஞ்சும் நீளவாட்டுப் பட்டையிலிருந்து இடுப்புப் பட்டியையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மிகுதி என்று கருதுபவர்களுக்கு அரைவட்டப் பாவாடை இருக்கிறது: இடுப்பை 3.14ஆல் வகுத்து வரும் 8.28 அங்குலத்தை உள்ளாரமாகக் கொண்டால் ஒற்றை அரைவட்டமே இடுப்பை முழுமையாகச் சுற்றிவிடும், துணியும் இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். விரிவு பாதியாகக் குறைந்தாலும் இடுப்பில் ஒரு சுருக்கும் விழாத வழுவழுப்பு அப்படியே இருக்கும். சேலைக்குள் கட்டும் ஆறு பீஸ் உள்பாவாடையும், மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகளைச் சேர்த்து, இதே விளைவை இன்னும் குறைந்த துணியில் எட்டும் முயற்சியேயாகும்.

வட்டப் பாவாடையின் அழகும் அதன் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. நெய்த துணியை வட்டமாக வெட்டும்போது நான்கு திசைகளில் நூல் நேராக இறங்குகிறது. அவற்றுக்கு இடையிலுள்ள நான்கு மூலைகளில் துணி கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சாய்வாக, அமைகிறது. நேர்நூல் தொய்வதில்லை, கிராஸ் தன் எடையாலேயே தொய்ந்து நீள்கிறது. நடக்கும்போது அலையலையாகச் சுருளும் அசைவைத் தருவது இந்தக் கிராஸ்தான். தைத்து முடித்த அன்றே ஓரம் அடித்துவிட்டால், ஒரு வாரத்தில் நான்கு மூலைகளும் இறங்கிப் பாவாடையின் கீழ்விளிம்பு கோணலாவதற்கும் அதுவே காரணம். பட்டி வைத்த பாவாடையை ஓரிரு நாள் தொங்கவிட்டு, தொய்வது தொய்ந்து முடிந்தபின் ஒருவரை உடுத்தி நிற்கவைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்கட்டியால் குறித்து, மிகையை வெட்டிய பிறகே ஓரம் அடிக்க வேண்டும். ஓரமும் ஒல்லியாக இருத்தல் நலம். ஓர் அங்குலம் மடித்தால், மடியும் விளிம்பு தான் சேரவேண்டிய இடத்தைவிட 12 அங்குலத்துக்கும் மேல் நீளமாக இருக்கும். அம்மிகை சுருக்கமாக வெளியே தெரியும். கால் அங்குல மடிப்பில் அம்மிகை ஏறக்குறைய மூன்று அங்குலமாகக் குறைந்து, முழுச்சுற்றிலும் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். வீட்டுத் தையலின் தரத்தை மதிப்பிட விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓரத்தையே.

சிக்கனம் எங்கே தகும், எங்கே தகாது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. பட்டுக்கு மாற்றாகப் பாப்ளின் தகும், கைப்பூவேலைக்கு மாற்றாக ஒட்டுவேலை தகும், பூவேலையே இல்லாமலிருப்பதும் தகும். ஆனால் இடுப்புப் பட்டிக்குள் வைக்கும் கான்வாஸையும், நல்ல ஜிப்பையும், ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரி போடும் நேரத்தையும் குறைத்துக்கொண்டவர்களின் பாவாடை, எவ்வளவு நல்ல துணியில் வெட்டப்பட்டிருந்தாலும், மலிவாகவே தோன்றுகிறது. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்திக்கொள்ளாததும் அத்தகைய பிழையே.

நகல் என்னும் குற்றச்சாட்டையும் இங்கே நேர்மையாக எடைபோட வேண்டும். துணியைக் கிராஸாகப் பயன்படுத்துவதில் தலைசிறந்தவரான மதலேன் வியோனே, தம் உடைகளைப் பிறர் களவாடுவதைத் தடுக்க 1920களில் பெயர்ப்பட்டியில் கையொப்பத்தோடு தம் பெருவிரல் ரேகையையும் பதித்தார். அவரது கோபம் நியாயமானது. அது பிறர் உழைப்பைத் தம் பெயரில் விற்ற வணிகர்கள்மேல் எழுந்த கோபம். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: உடையின் வெட்டுக்குப் பிரான்சில் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு, அமெரிக்காவில் பொதுவாக இல்லை. தமக்கென ஒரு பாவாடை தைத்து உடுத்தும் பெண்ணை அவ்வணிகர்களோடு சேர்ப்பது தகாது. நிறுவனத்தின் முத்திரையையோ பெயர்ப்பட்டியையோ பொய்யாக வைத்துத் தைப்பது மட்டுமே அவர் தாண்டக்கூடாத எல்லை. உண்மையில் முத்திரையை நம்பித் தைத்த உடைகளில்தான் வெட்டு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. வடிவை நம்பித் தைப்பவருக்கு முத்திரை தேவைப்படுவதே இல்லை. வட்டமோ எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று.

பாரிஸ் தையற்கூடங்களில் விலை உயர்ந்த துணியில் கத்தரி வைப்பதற்கு முன், ‘துவால்’ எனப்படும் ஒத்திகை உடையை மலிவான வெள்ளைப் பருத்தியில் தைத்து, உடலில் போட்டுப் பார்த்துத் திருத்துவது வழக்கம். அவ்வழக்கம் வீட்டுத் தையலுக்கு இன்னும் அவசியமானது, ஏனெனில் பிழையின் செலவை அங்கே தாங்குவது குடும்பத்தின் கைப்பணம். முதன்முறையாக வட்டப் பாவாடை வெட்ட எண்ணும் நேயர்கள் புதுத்துணி வாங்குவதற்கு முன், வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 26 அங்குல இடுப்பும் 30 அங்குல நீளமும் கொண்ட முழு வட்டத்தின் இரண்டு அரைவட்டங்களும் அதில் அடங்கும்.