'லைக்' இருந்தா சிமிலியா?

இந்த வாரம் டெக் இல்ல, இங்கிலீஷ் பேப்பர். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்து வீட்டுப் பொண்ணு கைடும் கையுமா வந்து நின்னுச்சு. பிளஸ் டூ. காலாண்டுத் தேர்வுல இங்கிலீஷ் மட்டும் ஃபெயில். "அண்ணா, எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணா." வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம் பேசற பொண்ணு இது. ஓசூர்ல இப்படித்தான், மூணு மொழி தெரிஞ்சவங்க நாலாவதைப் பார்த்துப் பயப்படுவாங்க.

பாட்டுல ஒரு வரி குடுத்து, இது என்ன ஃபிகர் ஆஃப் ஸ்பீச்னு கேப்பாங்க இல்லையா? அதுக்கு அந்தப் பொண்ணு வெச்சிருந்த ரூல்: 'லைக்' அல்லது 'ஆஸ்' இருந்தா சிமிலி, இல்லைன்னா மெட்டஃபர். சுத்தமான இஃப்-எல்ஸ். பத்து வருஷம் முன்னாடி நானும் இதே கோடைத்தான் ஓட்டினேன், மார்க்கும் அதே மாதிரிதான் வந்துச்சு.

அந்த ரூல் எங்க உடையுதுன்னு பாருங்க. 'ஐ லைக் டீ'ல லைக் இருக்கு, சிமிலி இல்ல. 'அவன் அப்பா மாதிரியே இருக்கான்', இதுவும் இல்ல. ஒரே வகை ரெண்டை ஒப்பிட்டா அது வெறும் தகவல். 'தம்பி ஜேசிபி மாதிரி சாப்பிடறான்', இப்போ வந்துச்சு சிமிலி. மனுஷன் ஒரு வகை, மெஷின் வேற வகை.

"இதை நீ ஏற்கனவே படிச்சிருக்க, தமிழ் பீரியட்ல"ன்னேன். உவமை, உருவகம். தமிழ்ல இது இன்னும் ஷார்ப்பா இருக்கும். மலர்முகம்னா மலர் போன்ற முகம், உவமைத்தொகை. அப்படியே திருப்பிப் போடு, முகமலர், அது உருவகம். 'போல' ரெண்டுலயுமே இல்ல. கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினா ரெண்டும் மாட்டாது. ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இருக்கா, இல்ல அதாவே ஆயிடுச்சா? இந்தக் கேள்வியைக் கேட்டாதான் மாட்டும்.

ஆனா எல்லாத்தையும் அப்படியே மேப் பண்ண முடியாது. ரைமை எதுகைன்னு எழுதினா தப்பு. எதுகைக்கு ரெண்டாவது எழுத்து ஒத்துப் போகணும். இங்கிலீஷ் பாட்டுல வரி முடிவுல வர்ற ரைமுக்குப் பக்கத்துல இருக்கிறது இயைபு. அலிட்டரேஷன் ஓரளவு மோனை. அங்கயும் எழுத்தைப் பார்க்காதீங்க, ஓசையைக் கேளுங்க. 'சிட்டி', 'கேட்' ரெண்டும் இங்கிலீஷ்ல ஒரே எழுத்துல ஆரம்பிக்குது, அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபேன்' வேற வேற எழுத்து, ஆகும்.

பெர்சானிஃபிகேஷன்? சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டைக் கொடி, கோவலனையும் கண்ணகியையும் வராதேன்னு கை காட்டற மாதிரி ஆடுமே. கொடிக்குக் கை குடுத்தது வரைக்கும் பெர்சானிஃபிகேஷன். காத்துல ஆடற கொடிக்குக் கவிஞர் தானா ஒரு காரணம் ஏத்தறார் பாருங்க, அதுதான் தற்குறிப்பேற்றம். அந்தக் காரணத்துக்கு இங்கிலீஷ் கைட்ல தனிப் பேரே போடல.

எனக்குப் பிடிச்சது மெட்டானிமி. நம்ம ஆகுபெயர். இதை வகை பிரிச்சு வெச்ச நன்னூல், பவணந்தி முனிவர் சுமார் 800 வருஷம் முன்னாடி எழுதினது. எழுதச் சொன்னது சீயகங்கன்னு ஒரு கங்க மரபு அரசன். கங்கர் பட்டத்துல வர்ற குவளாலபுரம்தான் இன்னைக்குக் கோலார், நம்ம கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம். பார்டர் ஏரியா சமாச்சாரம்!

"எங்கண்ணா இருக்கு இதுக்கு உதாரணம்?"

"உங்கப்பாவுக்கு நாளைக்கு வேலை இருக்கா?"

"இல்லண்ணா, சிப்காட் லீவு."

அதேதான். சிப்காட்ங்கிறது தமிழ்நாடு அரசோட ஒரு தொழில் முன்னேற்றக் கழகத்தோட பேர். அது உருவாக்கின இடத்துக்கு அந்தப் பேர் வந்துச்சு. அப்புறம் அங்க இருக்கிற கம்பெனிகளுக்கு வந்துச்சு. ரெண்டு தடவை தாவியிருக்கு, இருமடியாகுபெயர். 'கார்'னா கருமை, அப்புறம் மேகம், அப்புறம் மழைக்காலம்னு புக்ல படிக்கிறோமே, அதே ஜம்ப். அந்தப் பொண்ணு கைடை மூடிட்டு என்னைப் பார்த்துச்சு. "இதை நான் தினமும் சொல்றேனேண்ணா!"

அதுக்கப்புறம் ஐரனி. குடை எடுக்காத அன்னைக்கு மழை வந்தா அது ஐரனி இல்ல, உங்க நேரம். லேட்டா வர்றவரைப் பார்த்து 'சீக்கிரமே வந்துட்டீங்களே சார்'ங்கிறோமே, அது ஐரனி. நம்ம வஞ்சப்புகழ்ச்சிக்குச் சொந்தக்காரன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் வந்துச்சு. "அண்ணா, நான் லேட்டா எந்திரிச்சா எங்கம்மா 'கலெக்டரம்மா எழுந்துட்டாங்க'ன்னு சொல்லுவாங்க. இது மெட்டஃபரா, ஐரனியா?"

ரெண்டும்தான். ஆனா அந்தக் கேள்விக்கு மார்க் ஒண்ணுதான், எதை எழுதறதுன்னு இன்னும் யோசிச்சுட்டு இருக்கோம்.