அவர் இல்லாத நாட்களில்: நாகம்மையாரின் பொதுவாழ்வு

ஈ.வெ.ரா. நாகம்மையாரைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் ஈரோட்டு வீட்டின் விருந்தோம்பலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வந்தவர்க்கெல்லாம் முகம் சுளிக்காமல் சோறு போட்டவர் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய பொதுவாழ்வின் பெருநாட்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல அவருடைய கணவர் ஈ.வெ.ரா. பெரியார் சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்த நாட்கள் என்பது புலப்படும்.

1885இல் பிறந்தவர், 1898இல் வசதியான வணிகக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். கோயிலும் விரதமுமாக வளர்ந்த பெண். பெற்ற ஒரே குழந்தையும் ஐந்து மாதத்தில் இறந்துபோனது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் மூண்டது. ஈ.வெ.ரா. சிறைப்பட்டதும் நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் தடையுத்தரவை மீறித் தெருவில் இறங்கினார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பது அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. மறியலை நிறுத்தும்படி கேட்டவர்களிடம், அது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இயக்க வரலாறுகள் கூறுகின்றன. அந்த இருவரில் ஒருவர் நாகம்மையார்.

மூன்றாண்டு கழித்து, இன்றைய கேரளத்திலுள்ள வைக்கம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30இல் சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதானபோது பொறுப்பேற்க வந்த ஈ.வெ.ரா. இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையார் அங்கே போய், பெண்களைத் திரட்டிப் போராட்டத்தில் நிறுத்தினார். மொழி வேறு, ஊர் வேறு; எந்தத் தயக்கமும் அவரைத் தடுக்கவில்லை.

1931 டிசம்பரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பெரியார் மறு ஆண்டு நவம்பரில்தான் திரும்பினார். அவர் இல்லாத அத்தனை மாதங்களும் சுயமரியாதை இயக்கம் படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்களில் நாகம்மையார் முதன்மையானவர். சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அவர் தலைமை தாங்கினார். தாலியும் புரோகிதமும் இல்லாத மணத்துக்கு ஒரு பெண் தலைமை ஏற்கிறார் என்றால், அன்றைய ஊர்ப்பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1933 மே 11இல் அவர் மறைந்தார். அப்போது ‘குடி அரசு’ இதழில் பெரியார் எழுதிய இரங்கலுரையை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பெண் விடுதலை பற்றிப் பிறருக்குத் தாம் போதித்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாகம்மையார் விஷயத்தில் கடைப்பிடித்ததாகச் சொல்லத் தமக்கு முழுத் தகுதி இல்லை என்று அதில் அவரே எழுதினார். நாடறிந்த தலைவர் ஒருவர் தம் ஏட்டிலேயே இப்படி எழுதியது பெருமைக்குரியது. அதே சமயம், அந்த வரிகள் நாகம்மையார் சுமந்த பாரத்துக்கும் சாட்சி. போற்றுகிறவர்கள் இந்த இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றும், ஏழை மாணவியர் படிப்புக்கான தமிழக அரசின் உதவித் திட்டம் ஒன்றும் நாகம்மையார் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அவர் தலைமையேற்ற கூட்டங்களும் நடத்திவைத்த மணங்களும் பழைய இதழ்களின் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவியர் அவற்றைத் தேதி வாரியாகத் தொகுத்துத் தர முன்வர வேண்டும்.