லேப்டாப்புக்கு ஒரு கைவிசிறி

மே மாத மதியத்தில் லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துவாரங்கள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தைமேல் வைத்தால் மூச்சு முட்டும். சூடு அதிகமானால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இதைத் தணிக்க, அடியிலிருந்து காற்று வீசும் விசிறி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து 12 வோல்ட் ஃபேன் ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். வேண்டாத யுஎஸ்பி கேபிளை வெட்டினால், வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் தரும் ஒயர்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு கேபிளின் ஒயர்களை ஃபேனின் ஒயர்களோடு இணையுங்கள்: சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. இணைப்புகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மூடுங்கள். 5 வோல்ட்டில் ஃபேன் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும். சில ஃபேன்கள் கிளம்பவே கிளம்பாது. அப்போது வேறொன்றைத் தேட வேண்டியதுதான். மின்சாரத்தைச் சாதாரண செல்போன் சார்ஜரிலிருந்து எடுங்கள். ஒயர் உரசினாலும் லேப்டாப் தப்பிக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

ஃபேனை எங்கே வைப்பது? லேப்டாப் ஓடும்போது மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அடியில் காட்டுங்கள். அது எந்தத் துவாரத்தில் ஒட்டிக்கொள்கிறதோ, அதற்கு நேர் கீழே, காற்று மேலே வீசும்படி வையுங்கள்.