நாடகத்தின் பிறப்பும் தோற்றவரின் குரலும்



நாடகம் எங்கே பிறந்தது என்று கேட்டால், சடங்கில் என்று ஆய்வாளர் பலர் விடை கூறுவர். அவ்விடையில் உண்மை உண்டு. எனினும் அது முழுமையன்று. சடங்கில் அனைவரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். நாடகம் தொடங்க வேண்டுமாயின் ஒருவன் மறுபக்கம் சென்று நிற்க வேண்டும். அம்மறுபக்கத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறேன்.

கிரேக்கத்தில் தயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் குழுவாக நின்று பாடினர். அக்குழுவினின்று பிரிந்து நின்று பேசிய முதல் நடிகர் தெஸ்பிஸ் என்றும், கி.மு. 534 அளவில் அவர் ஏதென்ஸில் பரிசு பெற்றார் என்றும் மரபுச் செய்தி உண்டு. நடிகனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே 'விடை கூறுபவன்' என்று பொருள் கொள்வாரும் உளர்.

அவன் யாருடைய விடையைக் கூறுவது? இங்கேதான் சிக்கல் எழுந்தது. கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை வீழ்த்தினர். அவ்வீழ்ச்சியை ஃபிரைனிகஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்திற்காக ஏதென்ஸ் அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தையும் தடை செய்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். பின்னர், சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் தோற்ற எட்டாம் ஆண்டில், கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகத்தை அரங்கேற்றினார். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள கிரேக்க நாடகங்களுள் பழமையானது இதுவே. வென்றவர் முன் ஆடப்பட்டது. களமோ தோற்றவரின் அரண்மனை. வெற்றிப் பெருமிதம் அதில் இல்லாமலில்லை. ஆயினும் மேடையில் ஒலித்தது பகையரசனின் தாயுடைய துயரம். அதற்கு ஏதென்ஸ் முதற்பரிசு அளித்தது.

நம் நாட்டு நாட்டிய சாஸ்திரம் கூறும் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பிரமன் நான்கு வேதங்களினின்றும் கூறுகளை எடுத்து நாடகமாகிய ஐந்தாம் வேதத்தைப் படைத்தான். இந்திரனின் கொடிவிழாவில் ஆடப்பட்ட முதல் நாடகம் அசுரரின் தோல்வியைக் காட்டியது. அசுரர் சினந்து நடிகரைச் செயலற்றவராக்கினர். இந்திரன் கொடிக்கம்பை எடுத்து அவர்களைப் புடைத்தான். காப்புக்கென அரங்கமும் கட்டப்பட்டது. இவ்வளவும் போதவில்லை. இறுதியில் பிரமனே அசுரரிடம், நாடகம் தேவர்க்கு மட்டும் உரியதன்று, மூவுலகின் உணர்வுகளையும் காட்டுவது என்று விளக்க நேர்ந்தது. முதல் நாடகத்தின் முதல் குறை, தோற்றவனுக்கு அதில் இடமின்மை என்றே நான் இக்கதையைப் படிக்கிறேன்.

ஜப்பானிய 'நோ' நாடகம் அவ்விடத்தை நடுவிலேயே அமைத்தது. கோயில் விழாக்களில் ஆடப்பட்ட சருகாகு என்னும் கூத்திலிருந்து, 14ஆம் நூற்றாண்டில் கன்னாமியும் அவர் மகன் ஸெயாமியும் இக்கலையை வளர்த்தெடுத்தனர். ஸெயாமியின் 'அட்சுமோரி'யில், 1184ஆம் ஆண்டுப் போரில் இளம்வீரன் ஒருவனைக் கொன்றவர் துறவியாகி, அவனுக்காக வேண்டிக்கொள்ளப் போர்க்களத்திற்கு வருகிறார். கொல்லப்பட்டவனின் ஆவி எதிரே தோன்றித் தன் கதையைத் தானே கூறுகிறது. பழிவாங்க வாளை ஓங்குகிறது. பின்னர், தனக்காக வேண்டும் அவர் பகைவரல்லர் என உணர்கிறது.

வெவ்வேறான மூன்று நிலங்கள். மூன்றிலும் நாடகம் முதிர்ச்சி பெற்றது, எதிரில் நிற்பவனுக்கும் வாய் உண்டு என்று ஒப்புக்கொண்ட இடத்தில்.

கவிஞர் பெருமக்களே, இயல், இசை, நாடகம் என மூன்றையும் தமிழென்றே போற்றுகிறோம். ஆயினும் நம் கவிதைகளில் பெரும்பாலும் பேசுவது 'நான்' ஒருவனே. நம் சினத்தையும் நம் இழப்பையும் நன்றாகவே பாடுகிறோம். நம்மால் தோற்றவன், நாம் வெறுப்பவன், அவன் எந்த வரியில் பேசுகிறான்? பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டம், இனிவரும் ஆண்டுகளில் அவனுக்கும் ஓர் இருக்கை இடவேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.