குற்றம் சாட்டும் குரல்



சாத்தான் என்றதும் கொம்பும் வாலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எபிரேயத்தில் அச்சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்றே பொருள். யோபு நூலில் அவன் கடவுளின் அவையில் நின்று, யோபின் பக்தி ஆதாயத்துக்கானது என்கிறான். செக்கரியா நூல் 3ஆம் அதிகாரத்தில், அழுக்கு உடையோடு நிற்கும் தலைமைக் குரு யோசுவாவைக் குற்றம் சாட்ட வருகிறான். ஆண்டவரோ அவனை அதட்டிவிட்டு, யோசுவாவுக்குப் புத்தாடை உடுத்தச் செய்கிறார்.

ஏதேன் தோட்டத்துப் பாம்பைத் தொடக்கநூல் சாத்தான் என்று அழைப்பதில்லை. திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரமே இருவரும் ஒருவரே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குற்றம் சாட்டிய அவன் விண்ணகத்திலிருந்து தள்ளப்பட்டதையும் அறிவிக்கிறது.

ஒப்புரவு அருள்சாதனத்தில் என்றோ மன்னிக்கப்பட்ட பாவத்தை நினைத்து இன்றும் தூங்காமல் தவிப்பவர்கள் நம்மிடையே உண்டு. “உனக்கு மன்னிப்பே இல்லை” என்னும் அந்தக் குரல் கடவுளுடையது அன்று. தூய ஆவியாரும் நம் பாவத்தைச் சுட்டிக்காட்டுவார். ஆனால் அவர் துணையாளர். நம்மைத் தூக்கி நிறுத்தவே சுட்டிக்காட்டுகிறார்.

பிறரைக் குற்றம் சாட்ட வாய் திறக்கும்போதும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இப்போது நான் யாருடைய வேலையைச் செய்கிறேன்? ஆமென்.